ஒரு லிட்டருக்கு ஒரு மூடி

யாருமே எட்டிப் பார்க்காத இடத்தில் விளம்பரம் போடச் சொல்லிக் காசு வாங்குவதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை கால்பக்கத்துக்கு இருந்தது. வேறு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

கால்பக்கம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. ஒரு செய்தித்தாளின் விளம்பரப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தான். சான்றிதழைத் தொலைத்துவிட்டு மூன்று வரி அறிவிப்புக் கொடுக்க வந்தவரிடம்கூட, "மூணு வரியெல்லாம் யார் கண்ணுலயும் படாது சார், கால் பக்கமாவது போடுங்க" என்பான். சாவு அறிவிப்புக்கு வந்தவர்களையும் விட்டதில்லை. கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. செய்தித்தாள் ஒரு நாள் நின்றுபோனது. பெயர் நிற்கவில்லை.

ஆறு மாதம் வீட்டில் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு, சின்னச் சின்ன வலைப்பூக்களின் வலது ஓரம் காலியாகக் கிடப்பது கண்ணில் பட்டது. அந்த ஓரத்தில் ஒரு பெட்டி போடலாம். பெட்டிக்குள் ஒரு விளம்பரம் போடலாம். எழுதுகிறவருக்குக் கொஞ்சம், தனக்குக் கொஞ்சம். யாருடைய கொஞ்சம் எவ்வளவு என்பதை அவனே முடிவு செய்தான்.

நாற்பது வலைப்பூ சேர்த்தான். சேர்த்த லட்சணத்தைக் கேளுங்கள். பாலங்களை மட்டுமே படம் பிடித்துப் போடும் ஒருவர். கடைசிப் பாலத்தைப் போட்டு இரண்டு வருஷமாகிறது. தன் பூனையைப் பற்றியே எழுதும் ஒரு பெண்மணி. பூனை செத்துவிட்டது, எழுத்து நிற்கவில்லை. தினம் ஒரு கவிதை எழுதும் ஓர் ஆடிட்டர். தன் கவிதையைத் தன் மனைவியே படிப்பதில்லை என்று அவரே ஒரு கவிதை எழுதியிருந்தார். இவர்கள் ஒவ்வொருவரிடமும் போனில், "உங்க எழுத்தோட மதிப்பு உங்களுக்கே தெரியல" என்பான். போனை வைத்ததும், "வேலை வெட்டி இல்லாத ஜென்மம்" என்பான். விளம்பரம் கொடுக்கும் கடைக்காரர்களிடம், "பொறுக்கி எடுத்த வாசகர்கள் சார்" என்பான். படியிறங்கி வந்ததும், "இந்த மூஞ்சிக்கு விளம்பரம் ஒரு கேடு" என்பான். உலகத்தில் மதிக்கத்தக்க ஆள் ஒரே ஒருவர்தான் என்பது அவன் முடிவு. அந்த ஒருவருக்குத் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துவிட்டான்.

வருகை எண்ணிக்கை என்று ஒன்று உண்டு. ஒரு வலைப்பூவுக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்து போனார்கள் என்ற கணக்கு. அதில் பாதி மனிதர்களே அல்ல, இணையம் முழுக்கத் துழாவிக்கொண்டு திரியும் இயந்திரங்கள். இயந்திரத்துக்குச் செருப்பும் வேண்டாம், சீப்பும் வேண்டாம். இது கடைக்காரர்களுக்குத் தெரியாத வரைக்கும் கால்பக்கத்துக்குச் சோறு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் கணினியில் மட்டும் எந்த விளம்பரமும் தெரியாதபடி மறைக்கும் மென்பொருளைப் போட்டு வைத்திருந்தான். "கண்ட கருமத்தையும் எவன் பார்க்கிறது?" என்பான்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவனுடைய ஆபீஸ். ஆபீஸ் என்று அவன் சொன்னான். ஒரு அறையைப் பீரோவை வைத்து இரண்டாகப் பிரித்து, அந்தப் பக்கம் ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவர், இந்தப் பக்கம் இவன். கீழே மெஷின் ஓடினால் மேலே தரை சுடும். செருப்பைக் கழற்றினால் கால் வேகும், போட்டுக்கொண்டால் வியர்க்கும். எதிர்ப்பக்கம் புதிதாகக் கட்டிய கட்டடத்தில் கண்ணாடிக் கதவு வைத்த அறை ஒன்று காலியாக இருந்தது. கதவில் தன் பெயரை ஒட்டி, உள்ளே குளிரில் உட்கார்ந்து, வருகிறவனைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் காக்க வைக்க வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் மனிதனுக்கு இருந்த லட்சியம் அவ்வளவுதான்.

நாற்பதில் ஒன்று மட்டும் நிஜம். அது டீச்சருடையது.

அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் அறுபது தொட்டி வைத்திருந்தார். காலையில் எந்தச் செடி என்ன ஆனது என்று பத்து வரி எழுதுவார். அலங்காரம் எதுவும் இருக்காது. "நேற்று தக்காளி ஒன்று வாடிவிட்டது. தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டேன். என் தவறு." இவ்வளவுதான் பதிவு. இதைத் தினம் ஆயிரம் பேர் படித்தார்கள், அத்தனை பேரும் ரத்தமும் சதையுமான ஆட்கள். கேள்வி கேட்டு எழுதினால் ஒருவர் விடாமல் பதில் போடுவார். கேட்கிறவர்களுக்குத் தபாலில் விதை அனுப்புவார். அந்தத் தபால் செலவுக்காகத்தான் ஓரத்தில் விளம்பரத்துக்கே சம்மதித்தார்.

அதிலும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எந்தப் பொருளுக்கு விளம்பரம் போடுவதாக இருந்தாலும், அதை அவர் ஒரு மாதம் தன் மாடியில் உபயோகித்துப் பார்ப்பார். பிடித்தால் தன் கையால் ஒரு பத்தி எழுதுவார், பிறகுதான் பெட்டி. மூன்று வருஷத்தில் தேறியவை இரண்டே இரண்டு, ஒரு கத்தரிக்கோலும் ஒரு மண் தொட்டியும். பூவாளி ஒன்று இருபத்திரண்டாம் நாள் கைப்பிடி கழன்றது; அதையும் எழுதிவிட்டார். பூவாளிக்காரர் கால்பக்கத்தைப் போனில் கூப்பிட்டுத் திட்டியதைப் பீரோவுக்கு அந்தப் பக்கம் ஸ்டாம்ப்காரர் ரசித்துக் கேட்டார். "கிழவிக்குப் பவுசு" என்று கால்பக்கம் பல்லைக் கடித்தான். ஆனால் விட முடியுமா? அந்த ஒன்றைக் காட்டித்தானே மற்ற முப்பத்தொன்பதையும் தள்ளிக்கொண்டிருந்தான்! அது போனால் மிச்சமெல்லாம் சொத்தைக் கடலை.

அந்தச் சமயத்தில்தான் டானிக்காரர் வந்தார். செடிகளுக்கு இலையில் தெளிக்கும் டானிக் தயாரிப்பவர். வெள்ளை ஷூ போட்டு மண்ணைப் பற்றிப் பேசுகிறவர். நாற்பது வலைப்பூவுக்கும் ஒரு வருஷ ஒப்பந்தம் தருகிறேன் என்றார். கால்பக்கத்தின் கண்ணில் கண்ணாடிக் கதவு திறந்து மூடியது.

"ஆனா ஒண்ணு. டீச்சர் தன் வாயால சொல்லணும். ஒண்ணாம் தேதிக்குள்ள பத்தி வரணும். இல்லைன்னா நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்" என்றார்.

"வந்துடும் சார். டீச்சர் நம்ம வீட்டு மனுஷி மாதிரி."

ஒன்றாம் தேதிக்குப் பதினொரு நாள் இருந்தது. ஒரு மாதச் சோதனைக்கு எங்கே போவது? எப்படிக் கெஞ்சுவது என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது டீச்சரே கூப்பிட்டார்.

"தம்பி, எனக்குக் கண்ணுல புரை எடுக்கிறாங்க. ரெண்டு கண்ணும். மூணு வாரம் கம்ப்யூட்டர், போன் எதையும் பார்க்கக் கூடாதாம். விளம்பரப் பெட்டி போடறதுக்குக் கொடுத்த பாஸ்வேர்ட் உங்ககிட்டதான் இருக்கே, டீச்சருக்குக் கண் ஆபரேஷன், மூணு வாரம் எழுத மாட்டாங்கன்னு ஒரு வரி போட்டுடுங்க. பாவம், காத்திருப்பாங்க."

"நீங்க உடம்பைப் பார்த்துக்கங்க டீச்சர். மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டான். அந்த ஒரு வரியைப் போடவில்லை. அதற்குப் பதிலாக அன்று மத்தியானம் உட்கார்ந்து டீச்சரின் பழைய பதிவுகளை முதல் முறையாகப் படித்தான். மூன்று வருஷமாக விற்றுக்கொண்டிருந்த சரக்கை அன்றுதான் பிரித்தே பார்த்தான். "இதையா ஆயிரம் பேர் படிக்கிறான்?" என்று சிரித்துக்கொண்டே நடையைப் பிடித்துக்கொண்டான். சின்னச் சின்ன வாக்கியம், புகழ்ச்சி கூடாது, நடுவில் எங்காவது "என் தவறு" வர வேண்டும். "இந்த டானிக்கை ஒரு மாதமாகத் தெளித்துப் பார்த்தேன். முதல் வாரம் பலன் தெரியவில்லை. அவசரப்பட்டது என் தவறு. இப்போது இலைகள் நன்றாக இருக்கின்றன." பாவி, அச்சு அசலாக எழுதிவிட்டான்.

அளவு எழுதும் இடம் வந்தது. பாட்டிலில் பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்தது. அப்படி ஊற்றினால் ஒரு பாட்டில் எத்தனை மாதம் வரும்! இரண்டாவது பாட்டிலை எவன் வாங்குவான்? இருபத்திரண்டு வருஷம் மூன்று வரியைக் கால் பக்கமாக்கிய மூளை தானாக வேலை செய்தது. "ஒரு லிட்டருக்கு ஒரு மூடி" என்று எழுதி, டீச்சரின் பக்கத்தில் ஏற்றினான். செடி என்பது அவனுக்குக் காலில் இடிக்கும் தொட்டி, அவ்வளவுதான். அதற்கும் வயிறு எரியும் என்று அவனுக்கு யார் சொல்வது?

டானிக்காரர் படித்துவிட்டுப் போன் செய்தார். "அளவு தூக்கலா இருக்கே?"

"பாட்டில் சீக்கிரம் தீரும்ல சார்."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது.

இப்போது வீட்டுக்கு வருவோம். கால்பக்கத்துக்கு மனைவி உண்டு. மூன்றாம் மாடியில் ஒடுக்கமான பால்கனி. அதில் ஒரு நீல பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்து, ஒரு எலுமிச்சைச் செடியை வளர்த்துக்கொண்டிருந்தாள். பிழிந்த பழத்தின் கொட்டையைப் போட்டு முளைக்க வைத்தது. ஏழு வருஷமாக இலையும் முள்ளும்தான். டீச்சரிடம் "மூன்றாம் மாடி" என்ற பெயரில் எழுதிக் கேட்டுக் கேட்டுத்தான் அதைக் காப்பாற்றியிருந்தாள். புழு வந்தபோது, இலை சுருண்டபோது, பீப்பாய் வெடித்தபோது, எல்லாவற்றுக்கும் டீச்சர் பதில் எழுதியிருந்தார். கணவன் செய்யும் தொழிலில் அவள் வெளியே பெருமையாகச் சொல்லிக்கொண்டது ஒன்றே ஒன்று. "டீச்சரோட விளம்பரமெல்லாம் எங்க வீட்டுக்காரர்தான் பார்க்கிறார்" என்பாள். டீச்சரிடமே எழுதியிருந்தாள்.

அந்த வருஷம் எலுமிச்சை முதன்முதலாக மொட்டு விட்டது. பதினான்கு மொட்டு. காலையில் பல் விளக்கும் முன்னால் போய் எண்ணிவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜைமேல் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். டானிக்.

"டீச்சர் சொல்லியிருக்காங்கன்னு வாங்கிட்டேங்க. மொட்டு விட்டா ஒண்ணும் போடாதேன்னுதான் முன்னாடி சொன்னாங்க. இப்ப இதைப் போடலாம் போல."

"ம்."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். "இதுல பத்து லிட்டருக்கு ஒரு மூடின்னு போட்டிருக்கு. டீச்சர் ஒரு லிட்டருக்கு ஒரு மூடிங்கிறாங்க. எது சரி?"

கால்பக்கத்தின் கை தட்டிலேயே நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'பாட்டிலில் இருக்கிறபடி போடு' என்றால் முடிந்தது. ஆனால் சொன்னால், டீச்சரை விட உனக்கு எப்படித் தெரியும் என்பாள். அந்த நூலைப் பிடித்து இழுத்தால் எதுவரை வரும் என்று அவனுக்குப் பயமாக இருந்தது. கூடவே இன்னொரு நினைப்பும் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். தான் எழுதியதை இவளே நம்பிவிட்டாளே என்று அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

"எனக்கென்ன தெரியும்? உன் டீச்சரையே கேளு" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

"கேட்டு எழுதியிருக்கேன், இன்னும் பதில் வரல. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அவள் எழுந்து போனாள்.

நாலு நாளில் இலையின் ஓரமெல்லாம் பழுப்பாகி முறுகியது. ஆறாம் நாள் மொட்டு உதிர ஆரம்பித்தது. பதினான்கும் போயிற்று. அவள் பீப்பாய்ப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உதிர்ந்ததைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் இருந்தாள்.

"வெயில்ல அடிச்சிட்டேனோ என்னவோ. சாயங்காலம் அடிச்சிருக்கணும்" என்றாள்.

"உனக்கு எப்பவும் அவசரம். நிதானம் இருக்கா?" என்றான் கால்பக்கம். சொன்னானே! வாய் கூசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டான்.

அங்கே டீச்சரின் பக்கத்தில் பின்னூட்டங்கள் குவிந்திருந்தன. அறுபத்தொன்று. ஒருவராவது டீச்சரைத் திட்டியிருப்பார் என்று பயந்துகொண்டே திறந்தான். ஒருவர்கூடத் திட்டவில்லை. "நான்தான் சரியாகக் கலக்கவில்லை போல டீச்சர்." "என் ரோஜா போய்விட்டது, என் கவனக்குறைவு." "எங்கே தப்பு செய்தேன் என்று சொல்லுங்கள் டீச்சர், திருத்திக்கொள்கிறேன்." இப்படி ஒவ்வொருவரும் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல மனிதர்கள் ஏமாறும்போது இப்படித்தான் ஏமாறுகிறார்கள். ஏமாற்றியவனைத் தேடுவதற்கு முன்னால் தங்களைத் தேடுகிறார்கள். கால்பக்கத்துக்கு மூச்சு வந்தது. "மடச் சாம்பிராணிகள்" என்று சொல்லிவிட்டு டீ சொன்னான்.

மூன்று வாரம் முடிந்த அன்று பகல் டீச்சர் கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. பரீட்சைத் தாளைத் திருத்தி முடித்தவர் பேசுவதுபோல இருந்தது.

"தம்பி, பாஸ்வேர்டை மாத்திட்டேன்."

"டீச்சர், அது வந்து..."

"பத்தியை நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. என்னை மாதிரியே இருக்கு. ஆனா எந்தச் செடி, என்ன வயசுன்னு சொல்லாம நான் அளவு சொல்ல மாட்டேன். அதை நீங்க கவனிக்கல."

"ஒப்பந்தம் மட்டும் கெட்டுடாம பார்த்துக்கங்க டீச்சர். நான் பிழைக்கிறவன்" என்றான். அறுபத்தொரு பேரைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"நாளைக்குக் காலையில எல்லாருக்கும் உண்மையை எழுதுறேன். உங்க பேரைப் போட மாட்டேன். மூணாம் மாடி யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி. இன்னிக்கு ஒரு நாள் இருக்கு. அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

ஒரு நாள் முழுக்க இருந்தது. வீட்டுக்குப் போனான். அவள் காய்ந்த கிளையை வெட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாடு போட்டாள். அவன் சாப்பிட்டான். டிவி பார்த்தான். மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்றா என்று கேட்டான். பேர் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாரே, பிறகு எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்று தீர்மானித்தான். அந்தத் தீர்மானத்தைச் சாமர்த்தியம் என்றே நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"டீச்சர் எழுதியிருக்காங்க. படிக்கட்டுமா?" என்று, பதிலுக்குக் காத்திராமல் படித்தாள். "அந்தப் பத்தியை நான் எழுதவில்லை. அப்போது என் கண்ணில் கட்டு. உங்களில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆளை அறியாமல் என் வீட்டுச் சாவியைக் கொடுத்தது என் தவறு. இனி இங்கே விளம்பரம் இருக்காது. யார் யாருக்கு எந்தச் செடி போனது என்று எழுதுங்கள், விதை அனுப்புகிறேன்."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "யாருங்க அது?"

"யாரோ ஏஜென்ட் பயலா இருக்கும். இந்தத் தொழில்ல நூறு பேர் இருக்கான்."

"அவங்களுக்கு ஏஜென்ட் நீங்கதானே?"

"நான் ஒருத்தன்தானா? காலங்காத்தால என்ன விசாரணை இது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்குக் கத்தியிருக்கலாம்.

"செடி போனா போகுதுங்க. பத்து லிட்டர்னு நான் படிச்சுக் காட்டினேன். நீங்க எதிர்லயே உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவன் வாயைத் திறந்தான். நாற்பது வலைப்பூக்காரர்களையும் பேசியே மடக்கிய வாய் அது. அவள் அதைக் கேட்க நிற்கவில்லை.

டீச்சர் போனதும் மற்ற முப்பத்தொன்பதும் என்ன விலை போகும் என்பது ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. "பாட்டில்லயே பத்து லிட்டர்னு போட்டிருக்கேனே, இந்த ஆள் எங்களையும் ஏமாத்திட்டான்" என்று டானிக்காரர் ஊரெல்லாம் சொன்னார். போனில் சிரித்ததை அவர் மறந்திருந்தார். கால்பக்கத்துக்குத் தொழில் போனதில் வருத்தம் இருந்தது. தப்புச் செய்துவிட்டோம் என்ற வருத்தம் இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். "ஒரு மூடி விஷயத்தை ஊதிப் பெருசாக்கிட்டாங்க" என்று பீரோவுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னான். அங்கே ஸ்டாம்ப்காரர் ரப்பரைச் செதுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டில் சண்டை எதுவும் இல்லை. அவள் முன்போலவே சமைத்தாள், பேசினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். எல்லாம் ஆறிவிட்டது, பொம்பளை மனசு அவ்வளவுதான் என்று கால்பக்கம் நினைத்துக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு பகல். ஆபீசுக்கு வாடகை கட்ட முடியாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். வானம் இருட்டி, பால்கனிக் கம்பியில் பொட்டுப் பொட்டாக விழ ஆரம்பித்தது.

"மழை வந்துடுச்சு. வெளியில துணி நனையுது பாரு" என்றான்.

அவள் எழுந்து வந்தாள். அவனைத் தாண்டிப் போய், பால்கனிக் கதவில் நின்று, கையை வெளியே நீட்டிப் பார்த்தாள். உள்ளங்கை நனைந்த பிறகுதான் துணியை எடுத்தாள்.